பதினோரு ஓவர்

இந்தப் பையத் தூக்கி மேல வைக்க வேண்டாம் சார். மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்ல. நீங்க நல்ல மனசோடதான் கேக்கிய, தெரியுது. ஆனா இந்த டிரைவர் பிரேக் போடுத லெச்சணத்துக்கு, மேல வச்சா முன்னால இருக்க அக்கா தலையிலதான் வந்து விழும். அப்புறம் ஆலங்குளம் வரைக்கும் அவிய வசவக் கேட்டுக்கிட்டே போணும்.

ஆமா, நான் ஆலங்குளம். நீங்க? தென்காசியா. சரி, அப்ப உங்களுக்கு முன்னாடியே எறங்கிருவேன். தூங்குத ஆளா நீங்க? இல்லன்னா பேசிட்டுப் போலாம்.

விரலப் பாக்கியளோ? டிக்கெட்டு வாங்கும்போதே பாத்திய, நான் கவனிச்சேன். சங்கடப்படாதிய, எல்லாரும் பாப்பாவ. இந்தக் கட்டவிரலு மதுரையில ஒடஞ்சு வளஞ்சு போச்சு. இந்த மோதிரவிரலு நாகர்கோயில்ல. சுண்டுவிரலு எங்கன போச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பதினாறு வருசம் விக்கெட் கீப்பரு சார். கீப்பர் பொன்னுலிங்கம்னா பாளையங்கோட்டையில பழைய ஆளுகளுக்குத் தெரியும். புது ஆளுகளுக்குத் தெரியாது, அது அவனுக நட்டம். மாவட்டத்துக்கு ஆடினேன். ஸ்டேட்டுக்கு ஆடல. ஏன் ஆடலன்னு கேக்காதிய. அந்தக் கதையச் சொல்ல தென்காசி பத்தாது, செங்கோட்ட தாண்டிப் போணும்.

சோத்துக்கு ஈபியில வேல பாத்தேன். லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர்டு. ஆனா என் வேல என்னன்னு கேட்டா, ஆளு பாக்கது. மெட்ராஸ்ல ஒரு பெரிய கிளப்பு இருக்கு, பேரு வேண்டாம், அவனுகளுக்கு இந்தப் பக்கத்துல நாந்தான் கண்ணு. மூணாம் டிவிஷன், நாலாம் டிவிஷன், காலேஜ் மேட்ச்சு, கோயில் கொடைக்கு நடக்க டோர்னமெண்ட்டு, எல்லாத்துக்கும் போவேன். ஒரு நோட்டு, ஒரு குடை. ஓரமா ஒரு வேப்பமரத்தடியில உக்காந்துக்கிடுவேன். பொண்ணு பாக்கப் போற மாதிரிதான் சார். நல்லா இருக்குன்னு மூஞ்சியில காட்டிரக் கூடாது. காட்டுனா பய ஆட்டத்த வுட்டுட்டு நமக்கு ஆட ஆரம்பிச்சிருவான். முப்பது வருசத்துல ஒரு பயலயும் நான் நேருக்கு நேரா நல்லா ஆடுதன்னு சொன்னது கெடையாது. அது என் கொள்க.

கிரிக்கெட்டு பாப்பியளா? டிவியிலயா. அப்ப நீங்க பந்து போற எடத்தத்தான் பாத்திருப்பிய. நான் பந்தப் பாக்க மாட்டேன், காலப் பாப்பேன்.

ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு நாள், ஜூன் மாசம், நம்ம ஊரு வண்ணாரப்பேட்டையத் தாண்டி ஒரு கிரவுண்டு. ஒரு ஓப்பனிங் பேட்ஸ்மேன் இருக்கான், போய்ப் பாருங்கன்னு நாலு பேரு சொன்னாவ. போனேன். நல்லாத்தான் ஆடினான். கட் ஷாட்டு அடிச்சாம்னா சத்தமே தனியா இருக்கு. பேட்டு பிடிச்சு நிக்கவன் நெஞ்சு எந்தப் பக்கம் பாக்கோ, அந்தப் பக்கம் நேரா இருபது இருபத்தஞ்சு கஜத்துல ஒருத்தன் நிப்பான் பாத்தியளா, அந்த எடத்துக்கு பாயிண்ட்டுன்னு பேரு. இவன் அடிச்ச பந்தெல்லாம் அங்கனதான் போகுது. நாலு பந்து. நாலும் ஃபோருன்னு நான் நோட்டுல எழுதப் போயிட்டேன். நாலும் போகல.

பாயிண்ட்ல ஒரு ஒல்லிப் பய. சட்ட அவனுக்கு ரெண்டு அளவு பெருசு. வேற எவனோ போட்ட சட்ட. அந்தப் பய பந்து வந்த பெறவு ஓடல சார். பேட்டு வாரதுக்கு முன்னாடியே அங்கன போயிட்டான். பந்து அவன் கைக்கு வந்து சேருது. அஞ்சாவது பந்து ஓப்பனர் கோவத்துல தட்டிட்டு ஒரு ரன்னுக்கு ஓடினான். பாயிண்ட்ல இருந்து பாத்தா மூணு ஸ்டம்பும் ஒண்ணாத்தான் தெரியும். இவன் குனிஞ்சான், எறிஞ்சான். ஸ்டம்பு பறந்துச்சு.

நான் ஓப்பனர் பேர அடிச்சிட்டு எழுதினேன். பாயிண்ட். யாரு?

ஜெபசிங். ஜெபான்னு கூப்பிடுவாவ. பத்தொம்பது வயசு. அப்பா கெடையாது, ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு. அம்மா எஸ்தரு, ஒரு ஹாஸ்டல்ல சமையல். இவன் செல்போன் சர்வீஸ் கடையில இருந்தான். கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவெல்லாம் கழட்டி மாட்டுவான். அந்தக் கடைக்காரரு சொன்னாரு, "அண்ணாச்சி, அவன் கை மெஷின் மாதிரி. நான் மூணு மணி நேரம் பாக்க வேலய அவன் முக்கா மணியில முடிச்சிருதான்"ன்னு. அப்படி ஒரு கை.

நான் அவங்கிட்ட கேட்டேன், "எப்படிலே முன்னாடியே போற?"ன்னு. பய தலயச் சொறியுதான். "தெரியல சார். அவன் கட் அடிக்கப் போறாம்னா பின்கால் பெருவிரலத் தூக்குவான். ஷூவுல தெரியும்." ஷூவுலயாம்! இருபத்தஞ்சு கஜத்துல இருந்து! நான் பதினாறு வருசம் பேட்ஸ்மேன் குண்டிக்குப் பின்னாடியே உக்காந்திருந்தவன், எனக்குத் தெரியல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல சார். சந்தோசத்துல.

மெட்ராஸுக்குப் போன் போட்டேன். செகரட்டரி எடுத்தாரு.

"பேட்டிங் எப்படிய்யா?"

"எட்டாவது எறங்குவான் சார்."

"பௌலிங்?"

"போட மாட்டான்."

"அப்ப என்னதான்யா பண்ணுவான்?"

"ஃபீல்டிங் சார். பாயிண்ட்டு. ஒரு மேட்ச்சுக்கு இருபது ரன்னு தடுப்பான்."

அந்தாளு சிரிச்சாரு சார். அம்புட்டு நேரம் சிரிச்சாரு. "பொன்னுலிங்கம், தடுத்த ரன்ன எந்த ஸ்கோர் புக்குலய்யா எழுதுவாங்க? எனக்கு ஒரு கீப்பர் வேணும். கீப்பர் இருந்தா சொல்லும்"ன்னுட்டு வச்சிட்டாரு.

வச்சிட்டாரு. நான் போனக் கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னேன். கீப்பர் வேணுமாம். என் கிட்ட கேக்காரு. கீப்பர் பொன்னுலிங்கத்துக்கிட்ட.

உங்களுக்கே இப்ப வெளங்கியிருக்கும். எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் வெளங்கிச்சு. கண்ணு இருக்கு, காலு இருக்கு, கை இருக்கு. இதுக்கு மேல கீப்பருக்கு என்ன வேணும்? ஸ்டம்புக்குப் பின்னாடி கொண்டாந்து உக்கார வச்சா முடிஞ்சுது. என் நெலமயில நீங்க இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பிய. இல்லன்னு சொல்லாதிய.

அவன் அம்மாகிட்ட கேக்கப் போனேன். முறையாப் போணும்லா. ஒரே ரூம்பு வீடு, ஆனா தொடச்சு வச்ச மாதிரி. அந்தம்மா சொல்லிச்சு, "சார், இந்த வீடே அவன் கையிலதான் நிக்கி. கடைக்கு ஒரு நாள் போகலன்னா எங்களுக்கு ஒரு நாள் கஷ்டம்"ன்னு. நான் சொன்னேன், "கைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, கிளவுஸ் இருக்குல்லா"ன்னு. அந்தம்மா காப்பி கொண்டாந்துச்சு. நான் வேண்டாம்னுட்டேன், வயிறு சரியில்லன்னு. அன்னைக்கு ரெண்டு கையையும் பேன்ட்டு பாக்கெட்லயே வச்சிருந்தேன். வேணும்னு இல்ல சார். ஏதோ பழக்கம்.

ஜூலையில ஆரம்பிச்சோம். வெள்ளன அஞ்சரைக்கு ஈபி குவார்ட்டர்ஸ் கிரவுண்டு. என் கிளவுஸ அவனுக்குக் குடுத்தேன். எந்தக் கிளவுஸு? நான் மாவட்டத்துக்குப் போட்ட கிளவுஸு. என் சொந்த மவன் கேட்டுக் குடுக்கல நான். அவன் இப்ப பெங்களூர்ல இருக்கான், கம்ப்யூட்டரு, அது கெடக்கட்டும். செவத்துல பந்து எறிஞ்சு பிடிக்க வச்சேன். உக்காந்து எந்திரிக்க வச்சேன், தெனம் எறநூறு தடவ. பய எல்லாத்தையும் செஞ்சான். ஒரு நாள் லேட்டா வந்தது கெடையாது. முடிஞ்சு குளிச்சிட்டு நேரா கடைக்குப் போவான்.

ஒரே ஒரு நாள் சொன்னான். கிளவுஸக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு, "சார், கீப்பிங்ல இருந்த எடத்துலயே இருக்க வேண்டியிருக்கு. எனக்கு ஓடணும் போல இருக்கு சார்." சின்னப் பிள்ள கேக்க மாதிரி கேட்டான். "ஓடுதவனுக்கு எவன்லே வேல குடுப்பான்? இருக்கவனுக்குத்தான் குடுப்பான். போடு கிளவுஸ"ன்னேன். போட்டுக்கிட்டான்.

நல்லா வந்தானான்னு கேளுங்க. வந்தான். நல்ல கீப்பர்தான். நல்ல கீப்பரு. ஆனா சார், உங்ககிட்ட மறைக்கக் கூடாது, நல்ல கீப்பரு இந்த மாவட்டத்துல பத்து பேரு இருக்கான். அந்த மாதிரி பாயிண்ட்ட நான் இன்னைக்கு வரைக்கும்... சரி வுடுங்க.

சீதபற்பநல்லூரு வந்துட்டா? இல்ல, இன்னும் இருக்கு.

செப்டம்பர்ல ஒரு ஆளு என்னத் தேடி வந்தாரு. வேதமுத்துன்னு பேரு, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி டீமுக்குக் கோச்சு. வீட்டுக்கே வந்துட்டாரு. "அண்ணாச்சி, மே மாசம் ஒரு டோர்னமெண்ட்ல பாயிண்ட்ல ஒரு பையனப் பாத்தேன். கேட்டா உங்ககிட்ட இருக்காம்னு சொன்னாவ. எங்களுக்கு அவன் வேணும். பேட்டிங் எப்படின்னாலும் பரவால்ல. கம்பெனியில வேல போட்டுக் குடுத்துருவோம்"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க. ரெண்டு மாசமா வெள்ளன எந்திரிச்சு நான் அவன ஒரு வழிக்குக் கொண்டாந்திருக்கேன். என் கிளவுஸு அவன் கையில இருக்கு. நவம்பர்ல மெட்ராஸ் செலக்டரு வாரதா செகரட்டரி வாக்கு குடுத்துட்டாரு. இந்த நேரத்துல ஒருத்தரு வந்து பாயிண்ட்டுங்காரு. யாரு கண்டுபிடிச்சது அவன? நான்லா கண்டுபிடிச்சேன். ஷூ பெருவிரலு வரைக்கும் நான்லா எழுதி வச்சிருக்கேன்.

"அவன் இப்ப ஃபீல்டர் இல்ல வேதமுத்து. கீப்பரு. மெட்ராஸுக்குப் போறான்"ன்னேன்.

அந்தாளு ஒரு மாதிரியாப் பாத்தாரு. "கீப்பரா? அவனயா?"ன்னு மட்டும் கேட்டாரு. டீயக் குடிச்சாரு, போயிட்டாரு.

ஜெபாகிட்ட நான் சொல்லல. சொல்லணும்னுதான் இருந்தேன். செலக்சன் முடியட்டும், மனச இப்ப குழப்ப வேண்டாம்னு நெனைச்சேன். அது ஒரு தப்பா சார்? பிள்ளைகளுக்குப் பரீட்ச நேரத்துல கல்யாண விசேசமெல்லாம் சொல்லுவமா? அப்படித்தான்.

நவம்பரு. மழ வெறிச்சு நாலு நாளு. செலக்சன் மேட்ச்சு. தர மாதிரியான தர இல்ல, மேட்டிங் விக்கெட்டு. தெரியுமா உங்களுக்கு? கயித்துப் பாயி, நாலு பக்கமும் ஆணி அடிச்சு இழுத்துக் கட்டியிருக்கும். ஆணிப் பக்கத்துல பந்து குத்துச்சுன்னா எங்கன போகும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். செலக்டர் ரெண்டு பேரு மெட்ராஸ்ல இருந்து வந்து ஷாமியானாக்குள்ள உக்காந்திருக்காவ. நான் வழக்கம் போல மரத்தடியில.

ஒரு மீடியம் பேசர் போட்டான். சுமாரான வேகம். இந்தப் பய பத்தடி தள்ளி, பின்னாடி நிக்கான். எனக்குப் பொறுக்கல. ஒரு கீப்பரு யாருங்கது எப்பத் தெரியும்? மீடியம் பேசருக்கு ஸ்டம்பு மேல வந்து நிக்கும்போதுதான் தெரியும். நாங்கெல்லாம் அப்படி நின்னவனுக. செலக்டரு பாக்கணும்லா. நான் துண்ட எடுத்து ரெண்டு வீசு வீசினேன். முன்னால வான்னு அர்த்தம். எங்களுக்குள்ள உள்ள அடையாளம்.

பாத்தான். ஒரு நொடி பாத்தான் சார். பெறவு எந்திரிச்சு முன்னால வந்து ஸ்டம்புக்கு ஒட்டி உக்காந்தான்.

மூணாவது பந்து. ஆணிப் பக்கம் குத்துச்சு. பாம்பு மாதிரி எந்திரிச்சு வந்து வலது கை ஆள்காட்டி விரலு நுனியில, நேரா. சத்தம் எனக்கே கேட்டுச்சு, மரத்தடியில.

நான் ஓடினேன். அறுவது வயசுல ஓடினேன். கிளவுஸக் கழட்டிப் பாத்தா, விரலு ஒரு பக்கமாத் திரும்பி நிக்கி. பயலுக்கு மூஞ்சியில ரத்தமே இல்ல. ஒரு சத்தம் போடல. "சார், கடைக்கு..."ன்னான். கடைக்குன்னான் சார். வலியச் சொல்லல.

இப்ப நான் செஞ்சதக் கேளுங்க. எங்க காலத்துல கீப்பருக்கு விரல் போனா ஆஸ்பத்திரிக்கா போனோம்? ஒருத்தன் மணிக்கட்டப் பிடிச்சுக்கிடுவான், ஒருத்தன் விரல நேரா இழுப்பான். படக்குன்னு ஒரு சத்தம். பக்கத்து விரலோட சேத்து டேப்பச் சுத்துவோம். நிப்போம். மதுரையில நான் கட்டவிரலோட முழு நாளு நின்னேன், மறுநாளும் நின்னேன். கீப்பர்னா அப்படித்தான். நிக்கவந்தான் கீப்பரு. அத எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு.

நாந்தான் இழுத்தேன். நானே டேப்பச் சுத்தினேன். காதுல சொன்னேன், "செலக்டரு பாக்காவலே. நில்லு."

நின்னான்.

பதினோரு ஓவர் நின்னான் சார். எண்ணிப் பாத்திருக்கேன், பதினோரு ஓவரு, அறுவத்தாறு பந்து. அந்த விரலோட. ஒரு பந்து பின்னால போகல. ஒவ்வொரு பந்துக்கும் அவன் தோளு இப்படி ஒரு தடவ துள்ளும், அவ்வளவுதான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்படி ஒரு பயல நம்ம கொண்டாந்தோமேன்னு கண்ணுல தண்ணியே வந்துட்டு. பக்கத்துல நின்னவன்கிட்டச் சொன்னேன், "பாத்தியாலே, இதுதான் கீப்பரு"ன்னு. ஒரு பயலயும் நல்லா ஆடுதான்னு சொன்னதில்லன்னேன்லா, அன்னைக்குச் சொன்னேன். ஆனா அவங்கிட்ட சொல்லல.

ஷாமியானாவத் திரும்பிப் பாத்தேன். செலக்டரு ரெண்டு பேரும் இல்ல. நாலாவது ஓவர்லயே கெளம்பிட்டாவளாம். மதுரை ஃப்ளைட்டாம். அப்ப மிச்ச ஏழு ஓவரு அவன் யாருக்கு நின்னான்? அவிய எந்திரிச்சுப் போனத ஸ்டம்புக்குப் பின்னால இருந்து அவன் பாத்திருப்பான்லா சார். எல்லாத்தையும் முன்னாடியே பாக்க பயதான அவன். பாத்துக்கிட்டேதான் நின்னிருக்கான். நான் நில்லுன்னு சொன்னேன்லா, அதுக்கு நின்னிருக்கான்.

மேட்ச்சு முடிஞ்ச பெறவு ஆஸ்பத்திரியில டாக்டரு எக்ஸ்ரே படத்தத் தூக்கி வெளிச்சத்துல வச்சுப் பாத்தாரு. மூட்டுக்குள்ள நொறுங்கியிருக்குன்னாரு. "உடனே வந்திருந்தா நேராக்கியிருக்கலாம். இதப் பிடிச்சு இழுத்தது யாரு?"ன்னாரு. நான் செவத்துல இருந்த காலண்டரப் பாத்தேன். ஜெபாதான் சொன்னான், "கீழ விழுந்ததுல சார்"ன்னு.

ரெண்டு ஆப்பரேசன். விரலு மடங்கல. நீட்டுனபடி நிக்கும், கம்பி மாதிரி. பந்து எறியணும்னா ஆள்காட்டி விரலுதான சார் பந்த அனுப்பும்? எறிஞ்சா ஸ்டம்புக்கு ரெண்டு ஆள் உயரத்துல போகுது. சரி, விளையாட்டு போச்சு, போட்டும். ஸ்க்ரூவும் பிடிக்க முடியல. கடைக்காரரு நல்ல மனுசன், ரெண்டு மாசம் பாத்தாரு. பெறவு வேற பையன வச்சிக்கிட்டாரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது.

நான் வீட்டுக்குப் போனேன். பழமெல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். எஸ்தரம்மா கதவத் தொறந்துச்சு. வசவுக்குத் தயாராத்தான் போயிருந்தேன். அந்தம்மா வையல. பழத்த வாங்கத் தட்ட நீட்டிச்சு. நான் வைக்கும்போது கைய அப்படியே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "கையக் காட்டுங்க சார்"ன்னுச்சு. காட்டினேன். ரெண்டு கையையும் நீட்டி, பள்ளிக்கூடத்துல அடி வாங்குத பிள்ள மாதிரி. ஒவ்வொரு விரலாப் பாத்துச்சு. பெறவு சொல்லிச்சு,

"இத அன்னைக்கே காட்டியிருந்தியன்னா நான் வுட்டிருக்க மாட்டனே."

உள்ள போயிருச்சு.

எனக்கும் கோவம் உண்டு சார், இல்லாம இல்ல. நான் என்ன, எனக்கா செஞ்சேன்? அவன் மேல வரணும்னுதான செஞ்சேன்? அந்தப் பய அதுக்குப் பெறவு எங்கிட்ட ஒழுங்காப் பேசினது ஒரே ஒரு தடவ. மார்க்கெட்டு பக்கம் எதுக்க வந்தான். "சார், கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வந்தாவளாமே?"ன்னு கேட்டான். எவனோ சொல்லிட்டான். "ஆமா, வந்தாவ. அதுக்கு என்ன இப்ப?"ன்னேன். அப்படியா சொல்லணும்? வாயில அதுதான் வந்துச்சு. "ஒண்ணும் இல்ல சார்"ன்னான். ஓரமா ஒதுங்கி எனக்கு வழி வுட்டான். போயிட்டான். நாலு வார்த்த திட்டியிருக்கலாம்லா? சட்டையப் பிடிச்சிருக்கலாம்லா? நன்றி கெட்ட பயன்னு நானும் அவனத் திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்லா? அதுக்கும் வழி வைக்கல அவன்.

சீதபற்பநல்லூரு போயிட்டு சார், நீங்க பாக்கலயா? அப்பவே போயிட்டு.

இப்ப கொரியர்ல இருக்கான். டூவீலர்ல பார்சல் கொண்டு குடுக்க வேல. போன மாசம் எங்க வீட்டு வாசல்ல வண்டிச் சத்தம். போய்ப் பாத்தா அவன். ஹெல்மெட்டக் கழட்டல. ஒரு பார்சல நீட்டினான். "இங்கன கையெழுத்துப் போடுங்க சார்"ன்னு செல்போனக் காட்டுதான். விரலாலதான் போடணும். என் விரலு வளஞ்சு கெடக்கா, எங்கன தொட்டாலும் வேற எங்கனயோ கோடு போகுது. அவன் பிடிச்சுக்கிட்டு நிக்கான், அந்த விரலு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கி. ரெண்டு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிக்கோம். "எப்படியும் போடுங்க சார், கோடு போதும்"ன்னான். போட்டேன். போயிட்டான்.

உள்ள வந்து அனுப்புனது யாருன்னு பாத்தா, அவன் பேருதான் எழுதியிருக்கு. பிரிச்சேன். என் கிளவுஸு. அஞ்சு வருசமா நான் கேக்கவும் இல்ல, அவன் தரவும் இல்ல. எண்ண தடவி, தொடச்சு. கட்டவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல பழைய தோலு கிழிஞ்சிருக்கும், நானே பத்து வருசமா தைக்காம வுட்டது. அதத் தச்சிருக்கான். தையலு கோணல் மாணலா இருக்கு. எடது கையால தச்சிருப்பான் போல.

நான் அழல சார். அழுத மாதிரி இருக்குன்னா அது காத்து. ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்திருக்கிய, காத்து முழுக்க எனக்குத்தான் வருது.

ஆமா, இந்தப் பைதான். அதுதான் உள்ள இருக்கு.

ஆலங்குளத்துல ஒரு பையன் இருக்கான். பதினாறு வயசு. ரெண்டு வாரத்துக்கு முந்தி பாத்தேன். அவனும் பாயிண்ட்டுதான். அந்த அளவுக்கு இல்ல, ஆனா காலு நல்லா இருக்கு, பந்துக்கு முன்னாடி நகருதான். பேட்டிங் கெடையாது. பௌலிங் கெடையாது. ஃபீல்டிங்க மட்டும் வச்சு அவன் என்ன செய்வான் பாவம்? மெட்ராஸுக்குப் போன் போட்டேன். புது செகரட்டரி. கீப்பர் இருக்கானான்னு கேட்டாரு. நான் யோசிச்சேன், கண்ணு இருக்கு, காலு இருக்கு, கை...

என்ன சார் பாக்கிய? சொல்லிட்டுத்தான இருக்கேன்.

...

என்ன கண்டக்டர் தம்பி? ஆலங்குளமா? ஆமா, நாந்தான் ஆலங்குளம். கத்தாதப்பா, காது கேக்கு. இரு. எறங்கல. தென்காசிக்கு ஒரு டிக்கெட்டு குடு. ஆலங்குளத்துக்குத்தான் எடுத்தேன், இல்லன்னு சொல்லலியே. இப்ப தென்காசிக்குப் போறேன். ஒனக்கு என்ன கஷ்டம்? விசிலு குடு, வண்டி போட்டும்.

இல்ல சார், மழ வரும் போல இருக்கு. மேட்ச்சு நடக்காது. எங்கனயா? அந்தா, மலப் பக்கம் பாருங்க, லேசாக் கறுத்திருக்கு. இல்லியா? வெயிலா அடிக்கி? சரி, அடிக்கட்டும்.

பத்து மணிக்கு வாரேன்னு அந்தப் பயகிட்ட சொல்லியிருந்தேன். ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பான். பத்தரை வரைக்கும் பாப்பான். பெறவு போயி பாயிண்ட்ல நின்னுக்கிடுவான்.

இந்தப் பையக் கொஞ்சம் வாங்கி மேல வச்சிருதியளா சார்? கனமா இருக்கு.